பத்துச் செக்கன் கசடு

மச்சான் நௌபர்,

ஸலாம். மையவாடி வாசலில் நின்று அங்கே அடங்கிக் கிடக்கிற எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிற ஸலாம் வேறு. அதை வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இது உனக்கு மட்டும்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை. நல்லாத்தான் இருப்பாய். நீ எங்கே போனாலும் நல்லாத்தான் இருப்பாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம் அதுதான்.

உன் நாற்பதாம் நாள் கத்தத்துக்குச் சின்னதாக ஒரு நினைவு மலர் அடிக்கப்போகிறார்கள். நீ வேலை செய்த இரும்புக் கடை முதலாளியும் பள்ளிவாசல் ஆட்கள் சிலரும் சேர்ந்து செய்கிற காரியம். உனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை, மனைவிக்கு மூத்தவன், அவளுடைய காக்கா நான்தான் உரித்துக்காரன் என்று சொல்லி, வந்த எழுத்துகளை எல்லாம் என்னிடம் பார்க்கத் தந்தார்கள். முதல் பக்கத்தையும் எனக்கே ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். ஒரே இருப்பில் இருந்து வாசித்தேன். வயிறு எரிந்தது மச்சான். நீ மௌத்தாகி ஒரு மாதம் கழியவில்லை, உன்மேல் பொறாமைப்பட எனக்குப் புதிதாகப் பன்னிரண்டு பக்கம் கிடைத்திருக்கிறது.

உன் ஜனாஸா அன்றைக்கே தொடங்கிவிட்டது இது. சாய்ந்தமருது வீதியில் அவ்வளவு சனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மாவடிப்பள்ளியில் இருந்து ஒரு லொறி நிறைய வந்தார்கள். அது என் மனைவியின் ஊர், நான் இருபது வருடத்துக்கு மேலாக மாப்பிள்ளையாக இருக்கிற ஊர். அவர்கள் எனக்காக வரவில்லை, உனக்காக வந்தார்கள். காரைதீவு மேசன் ஒருவர், வயதான மனிதர், நெற்றியில் திருநீறு, மையவாடி மதிலுக்கு வெளியே நின்று தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்டேன். நீ கையால் வளைத்துப் பார்த்துக் கொடுக்காத கம்பியைத் தான் ஒரு வீட்டுக்கும் போட்டதில்லை என்றார். பதினொரு வருடம் கடையில் கம்பி விற்றவனுக்காக ஒரு மேசன் அழுகிறார். உருக்காலையில் பத்து வருடம் போமனாக, ஆட்களுக்கு மேலாளாக இருந்தவன் நான். எனக்கு அழ யார் இருக்கிறார் என்று அந்த இடத்திலேயே விரல் மடித்துப் பார்த்தேன். ஜனாஸாவில் நின்றுகொண்டு ஒரு மனிதன் யோசிக்கிற யோசனையா இது?

உனக்குத் தெரியும், எனக்குப் பொறாமைதான். வேறு பெயர் வைத்து மூடப்போவதில்லை.

உனக்குச் சொல்லத் தேவையில்லாத சிலதை, வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள். நானும் நீயும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வாங்கில் இருந்து படித்தோம். ஒரே விமானத்தில் சவூதிக்குப் போனோம். பாலைவனத்தின் நடுவில் ஒரு உருக்காலை. என்னை உலையில் போட்டார்கள், உன்னைச் சட்டியில் போட்டார்கள். சட்டி என்று நம் ஆட்கள் சொல்வது லேடலை. ஒரு வீட்டு உயரம் இருக்கும் வாளி. உலையில் உருகிய இரும்பை அதற்குள் ஊற்றி, வார்க்கும் இடத்துக்கு அனுப்பும் முன் அங்கே வைத்துத் திருத்துவார்கள்.

உலைதான் ஆலையின் ராசா என்று நான் நினைத்தேன். நினைக்காமல் என்ன? பழைய கார், பிறிஜ், உடைத்த கப்பலின் தகடு, எல்லாவற்றையும் தூக்கி உள்ளே போட்டு மின்சாரத்தைப் பாய்ச்சினால் இடி இடிப்பது போலச் சத்தம். கூரை அதிரும். பார்க்க வருகிற பெரிய ஆட்கள் எல்லாரும் என் பக்கம்தான் நின்று போட்டோ எடுப்பார்கள். உன் பக்கம் சத்தமும் இல்லை, கூத்தும் இல்லை. சட்டியின் அடியில் இருந்து ஆகன் வாயுவை மெல்ல விடுவாய், உருகிய இரும்பு உலைநீர் போலக் குமிழ் விட்டுத் தளம்பும். சுண்ணாம்பு போடுவாய். ஒட்சிசனைப் பிடிக்க அலுமினியம் போடுவாய். ஒரு கம்பியை மேலே மிதக்கிற கசட்டில் தோய்த்து எடுத்து, ஆறவிட்டு, நிறம் பார்ப்பாய். கறுப்பென்றால் இரும்பு இன்னும் கெட்டது. வெளுத்து, ஆறியதும் மாவாய் உதிர்ந்தால் திருந்திவிட்டது, கந்தகம் முழுக்கக் கசட்டுக்கு ஏறிவிட்டது. முக்கால் மணித்தியாலம் நீ செய்கிற வேலை அவ்வளவுதான். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு மனிதன் பானைக்குப் பக்கத்தில் நின்று யோசிப்பது போல இருக்கும்.

ஆனால் அந்த எகிப்துக்கார எஞ்சினியர் ஒரு நாள் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: உலையில் உருகுவது பழைய இரும்பு, உருக்கு உண்டாவது சட்டியில்தான். சொல்லிவிட்டு உன் முதுகில் தட்டினார். நீ சிரித்துக்கொண்டு நின்றாய். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சத்தம், அந்த வெக்கை, அந்தத் தீ எல்லாவற்றையும் நான் பட, பெயர் உனக்கா?

அது வேலை இடத்துச் சங்கதி. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் லீவில் வந்து என் தங்கச்சி ஸரீனாவை உனக்குக் கட்டிக்கொடுத்தது யார்? நான்தான். உம்மாவிடம் நானேதான் உன்னைப் பற்றிச் சொன்னேன், நல்ல பொடியன், தாய் இல்லாத பிள்ளை, என் கூட்டாளி என்று. நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை கட்டிக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விடுவான், மருமகன் வீட்டுக்கு வந்துவிடுவான். வாப்பா இல்லாத வீடு, அதனால் கட்டியதும் நான். சவூதி வெயிலில் நின்று கட்டிய வீடு. கட்டி முடித்து, சுவருக்கு வெள்ளை அடித்து, திறப்பை உன் கையில் கொடுத்துவிட்டு, நான் மாவடிப்பள்ளிக்குப் பெட்டியோடு போனேன். ஊரில் எல்லாருக்கும் நடக்கிறதுதான். எல்லா ஆண்பிள்ளையும் இப்படித்தான் போகிறான். எனக்கு மட்டும் ஏன் பறிகொடுத்த மாதிரி இருந்தது என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு லீவில் வந்தால் என் வீட்டுக்கு நான் விருந்தாளி. விறாந்தையில் கதிரை போட்டு இருத்துவார்கள். உம்மா பாரை மீன் ஆக்கினால் தலை உன் கோப்பைக்குப் போகும். மாவடிப்பள்ளியில் என் மாமியும் எனக்கு மீன் தலை வைப்பா, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது வேறு அடுப்பில் வெந்த தலை. ஊரில் எந்த மருமகனும் மனைவியின் தாயை மாமி என்றுதான் கூப்பிடுவான். நீ உம்மா என்று கூப்பிட்டாய். எவ்வளவு துணிச்சல்? உம்மாவும் அதற்குத் திரும்பிப் பார்த்தாவே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சுனாமியில் கடல் வந்தபோது நான் கட்டிய முன்சுவரை அப்படியே எடுத்துக்கொண்டு போனது. எனக்கு லீவு தரவில்லை, உனக்குத் தந்தார்கள். நீ வந்து அதைத் திரும்பக் கட்டினாய். இருபது வருடமாக நிற்கிறது, ஒரு கீறல் இல்லை. போகும்போதும் வரும்போதும் அந்தச் சுவரை நான் பார்க்காமல் போகப் பழகியிருக்கிறேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நீ ஒரு தரமும் வாய் திறக்காத நாள்.

காலை முறை. குழாய்த் தகட்டுக்கு ஒரு பெரிய ஓடர். கந்தகமோ பொசுபரசோ கொஞ்சமும் கூடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கிழமைதான் புதுப் போமனைத் தெரிவுசெய்யப் போகிறார்கள், அது நீதான் என்று கன்டீன் வரைக்கும் கதை. வேலைக்குப் போகுமுன் நான் உம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவ முதலில் கேட்டது உன்னை. மருமகன் சாப்பிட்டாரா, மருமகனுக்கு இருமல் விட்டுதா. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு எனக்குச் சொன்னது இது:

“நீ மருமகன்ட சொல்லுக் கேட்டு நட மனே. அவருக்கு எல்லாம் தெரியும்.”

நீ என்னைவிட நாலு மாதம் இளையவன். நான் அவவுக்கு ஒரே ஆண்பிள்ளை.

உலையைச் சரித்து ஊற்றும்போது முதலில் இரும்பு வரும், கடைசியில்தான் கறுப்புக் கசடு எட்டிப்பார்க்கும். எட்டிப்பார்த்த உடனே உலையை நிமிர்த்திவிட வேண்டும். உலைக்காரனின் கைத்திறமை முழுக்க அந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கசடு சட்டிக்குள் விழுந்தால், நீ அலுமினியம் போட்டதும் கசட்டுக்குள் கிடக்கிற பொசுபரசு திரும்ப இரும்புக்குள் இறங்கும். இறங்கினால் பிறகு எடுக்க ஏலாது. உருக்கு மொறுமொறுத்துப் போகும். சட்டியில் நிற்பவனின் வேலை எல்லாம் வீண்.

கசடு எட்டிப்பார்த்ததை நான் கண்டேன். கைபிடி என் கையில். நிமிர்த்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினேன். பத்து மட்டும் எண்ணினேன். பிறகுதான் நிமிர்த்தினேன். கை வழுக்கியது என்று எத்தனையோ தரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வழுக்குகிற கை எண்ணாது மச்சான்.

நீ கீழே இருந்து தலையை உயர்த்தி என் கண்ணாடிக் கூண்டைப் பார்த்தாய். நீலக் கண்ணாடி போட்டிருந்தபடியால் கண் தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம்தான் பார்த்தாய். அடுத்து ஓடினாய். அலுமினியத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாய். சட்டியைச் சரித்து, மேலே கிடந்த கறுப்பை வழித்து வழித்து வெளியில் தள்ளினாய். வேறு யாராவது என்றால் இரும்பைக் கழித்துவிட்டுப் போயிருப்பான். நீ புதிதாகச் சுண்ணாம்பு போட்டு முதலில் இருந்து தொடங்கினாய். கீழே வார்க்கிற யந்திரம் இரும்பு இல்லாமல் நின்றுபோனது. அது நின்றால் ஆலையே நின்ற மாதிரி. அரை நாள் எல்லாம் நின்றது.

விசாரணையில் எஞ்சினியர் உன்னிடம் கேட்டார், ஏன் பிந்தியது. நான் உனக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உலையில் இருந்து கசடு வந்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே என் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். நீ சொன்னாய், என் கை பிந்திவிட்டது, என் பிழை.

அன்றைக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு காம்பில் உன்னைத் தேடி வந்தேன். அடிப்பாய் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன். நீ பைப்படியில் சப்பாத்துக்குப் போடுகிற காலுறையைத் துவைத்துக்கொண்டிருந்தாய். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தலையை நிமிர்த்தாமலே சொன்னாய்:

“நம்ம ரெண்டு பேருக்கும் இரிக்கிறது ஒரு உம்மா. அவவுட்டப் போய் ஒன்னப் பத்தி இத என்னெண்டு சொல்லுற?”

அவ்வளவுதான். காலுறையை உதறிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாய். அதற்குப் பிறகு ஒரு நாளும், ஒரு சண்டையிலும், ஒரு கோபத்திலும் அந்தக் கதையை நீ எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம். நீ எடுக்காமல் விட்டதுதான் எனக்கு உன்மேல் இன்னும் கோபம். பெருந்தன்மையிலும் என்னை முந்தவேண்டுமா நீ?

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கையில் கொடுத்து, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் உன்னை ஊருக்கு அனுப்பினார்கள். போமன் வேலை எனக்கு வந்தது. நீ ஊருக்கு வந்த கிழமை உம்மா எனக்குப் போன் எடுத்தா. அவ தானாக எடுப்பது அருமை. சொன்னா:

“மருமகன் சொன்னாரு, தனக்குக் கை பிசகிட்டாம். ஒனக்கு அப்பிடி ஒண்டும் நடக்காதாம், நீ கெட்டிக்காரனாம். எனக்குத் தெரியும் மனே, என்ட புள்ளதான் கெட்டிக்காரன்.”

நாற்பது வயது வரைக்கும் அந்த வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தவன் நான். போனை வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுதேன், அதுதான் வெட்கக்கேடு. அந்த வார்த்தை எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாங்கி வைத்துக்கொண்டேன்.

நான் வென்றேன் என்று நினைத்தேன். போமனின் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் அங்கே நிற்க, நீ இங்கே உம்மாவோடு இருந்தாய். கிளினிக்குக்குக் கூட்டிப்போனது நீ. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டது நீ. நோன்பு காலத்தில் கஞ்சி வாங்கப் பள்ளிவாசலுக்குப் போனது நீ. புளியாணத்தில் உப்புக் கூடினால் யாரிடம் சொல்லி அவ சிரித்தா? உன்னிடம்தான். ஒவ்வொரு போனிலும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன்னை ஊருக்கு அனுப்பியவன் நான், என் கையாலேயே உனக்கு உம்மாவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இப்படி ஒரு முட்டாளை நீ கண்டிருக்கிறாயா?

அவ மௌத்தானபோது எனக்கு விமானம் கிடைத்து வர இரண்டு நாள் போனது. கபுறுக்குள் இறங்கி அவவைக் கையில் வாங்கி வைத்தது நீ. மகன் செய்கிற காரியம் அது. மருமகனும் செய்யலாம், மார்க்கத்தில் இடம் இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. நான் வந்து சேர்ந்தபோது மண்ணில் ஊற்றிய தண்ணீர் காய்ந்திருந்தது. நீ என் தோளைப் பிடித்தாய். நான் தட்டிவிட்டேன். ஊரார் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

போன வருடம் நானும் வேலையை விட்டு வந்துவிட்டேன். நீயும் நானும் வயதான காலத்தில் கடற்கரையில் இருந்து வாய்க்கு வாய் கதைக்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. உன்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். நீ கடையில் லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுளு எடுக்கப் போனவன், அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாய். போவதில்கூட உனக்கு இலேசு.

இப்போது உன் மகள் ஹப்ஸாவின் சங்கதி. கம்பஸில் உலோகங்களைப் பற்றிப் படிக்கிறாள், உனக்குத் தெரியும், நீதானே அந்தப் பாடத்தை எடு என்று சொன்னாய். உன் ஜனாஸாவுக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. உன் அலுமாரியில் கடுதாசிகளை ஒழுங்குபடுத்தும்போது அந்த எச்சரிக்கைக் கடிதம் அவள் கையில் சிக்கிவிட்டது. அதோடு ஆய்வுகூடத் தாளும் சேர்த்துக் குத்தியிருந்தது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டனுப்பினாள். விறாந்தையில் அதே கதிரை. ஸரீனா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைக்குப் பக்கத்தில் நின்றாள்.

ஹப்ஸா தாளை என் முன் விரித்தாள். உலையில் எடுத்த மாதிரியில் பொசுபரசு இவ்வளவு, சட்டியில் முதலில் எடுத்த மாதிரியில் அதைவிடக் கொஞ்சம் கூட என்று விரல் வைத்துக் காட்டினாள். பிறகு கேட்டாள்:

“சட்டிக்குள்ள பொசுபரசு தானாக் கூடாது மாமா. உலைக் கசடு விழுந்தாத்தான் கூடும். அண்டைக்கு உலையில நிண்டது ஆரு?”

உன் மகள். சந்தேகமே இல்லை. கறுப்பையும் வெள்ளையையும் நின்று பார்த்துச் சொல்கிற அதே கண். என் பிள்ளைகள் மூன்று பேரில் ஒருவருக்கும் நான் என்ன வேலை செய்தேன் என்று தெரியாது. அந்த நேரத்திலும் அதைத்தான் நினைத்தேன்.

பழைய கதை மகள், மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். தேத்தண்ணியைக்கூடக் குடிக்கவில்லை. நாலு நாள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை.

ஏன் சொல்லவில்லை தெரியுமா? சிறைக்குப் போவேன் என்ற பயமா? வேலை போகும் என்ற பயமா? வேலையே இல்லை. உம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னவ இல்லை, அதைச் சொல்ல வைத்த நீயும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது எனக்கு என்றென்றைக்கும் சொந்தம். வாயைத் திறந்தால் போய்விடும். எனக்கு அவவிடம் இருந்து கிடைத்தது வேறு என்ன இருக்கிறது?

அப்படி இருக்கும்போதுதான் மலருக்கு வந்த எழுத்துகளை வாசித்தேன். கடை முதலாளி உன்னைப் பற்றி நல்லாத்தான் எழுதியிருக்கிறார். நேர்மையை, பொறுமையை, கம்பி பார்க்கிற கையை எல்லாம் எழுதிவிட்டு, நடுவில் ஒரு வரி: சவூதியில் வேலையில் பிழைவிட்டுத் திரும்பி வந்தாலும் மனம் தளராதவர். அவரில் குற்றமில்லை. நீயே அவரிடம் அப்படிச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். அந்த வரி அச்சிலேறும். உன் மகள் வாசிப்பாள். பிறகு அவள் பிள்ளைகள் வாசிப்பார்கள். என்னால் சட்டிக்குள் விழுந்த கசட்டை நீ அரை நாள் நின்று வழித்தாய். இந்த வரியை வழிக்க என்னைத் தவிர ஆள் இல்லை.

நேற்றுப் போனேன். இந்தத் தரம் கதிரையில் இருக்கவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். உலையில் நின்றது நான். கை வழுக்கவில்லை. வேண்டுமென்றுதான் செய்தேன். உங்கள் வாப்பாவின்மேல் எனக்குப் பொறாமை.

ஹப்ஸா கத்தவில்லை. தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டாள்:

“எத்தன செக்கன் மாமா?”

பத்து என்றேன். எண்ணினேன் என்றும் சொன்னேன். அவள் பென்சிலால் தாளின் ஓரத்தில் எதையோ பெருக்கிக் கூட்டினாள். கடைசி மாதிரியின் வரியில் விரலை வைத்தாள்.

“பத்துச் செக்கன் கசடு விழுந்தும் இரும்பு பாஸாகித்தான் போயிரிக்கி. மிச்சம் எறங்க முந்தி வாப்பா வழிச்செடுத்துத் திருத்திரிக்காரு.”

அந்தப் பிள்ளையின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என்மேல் இருக்கவேண்டிய கோபம் அதில் இல்லை. இருந்தது முழுக்க உன்னைப் பற்றிய பெருமை. நான் செய்த துரோகத்தைச் சொல்லப் போனேன், அது உன் கைத்திறமைக்குச் சாட்சியாகிப் போனது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன் மச்சான்.

ஸரீனா நிலையடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் படியிறங்கும்போது கூடவே வந்தாள். முகத்தைப் பார்க்காமல், வளவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“உம்மா மௌத்தாகப் போறண்டைக்கும் அதத்தான் சொன்னா காக்கா. என்ட மகன்தான் கெட்டிக்காரன், அவன் வரல்லியா எண்டு. அவர் தலமாட்டுல இருந்தாரு. ஓம் உம்மா, அவன்தான் கெட்டிக்காரன், வந்துக்கு இரிக்கான் எண்டாரு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். இனி எப்போது திறப்பாள் என்று தெரியாது. திறக்கச் சொல்லிக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

அவ கடைசி மூச்சிலும் நீ எனக்காக அதைச் சொல்லியிருக்கிறாய். அவ உன் கையைப் பிடித்துக்கொண்டு என்னை நினைத்திருக்கிறா. அங்கே இல்லாத என்னை நீ அவ பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். உனக்கு ஒரு தரம்கூட வலிக்கவில்லையா? உன்னைவிட நான் கெட்டிக்காரன் என்று அவவிடம் நீயே சொல்லும்போது, என்னைப் போல உனக்கும் வயிறு எரியவில்லையா? எரிந்தது என்று ஒரு தரம் சொல்லியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். அதையும் சொல்லாமல் போய்விட்டாய்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இதை எழுதும்போதும் இருக்கிறது. மன்னிப்பும் கேட்கமாட்டேன். நீ உடனே கொடுத்துவிடுவாய், அதற்கும் பொறாமைப்பட வேண்டிவரும்.

ஒன்று மட்டும் செய்கிறேன், இது என் வாக்கு. முதலாளி எழுதிய அந்த வரியை வெட்டச் சொல்லமாட்டேன். அவர் எழுதியபடி இருக்கட்டும். இந்தக் கடிதம் அதற்கு முன்னால், முதல் பக்கத்தில் வரும். வாசிக்கிறவர்கள் இதைத் தாண்டித்தான் அதற்குப் போகவேண்டும். நாளைக்குச் சுபஹு தொழுதுவிட்டு உம்மாவின் கபுறடிக்குப் போவேன். தலைமாட்டில் இருந்து வாய்விட்டுச் சொல்வேன், உம்மா, நீங்க பிழையா விளங்கிட்டீங்க, கெட்டிக்காரர் மருமகன்தான் என்று. அவவிடம் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். அதை உன்னிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்து வருவேன்.

இப்படிக்கு,
உன் உம்மாவின் மற்ற மகன்,
ஜவாத்